தரையில் துளை போட்ட வண்டி

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, "பாக்கலாம்டா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். உன் அம்மாவுக்கு எதையும் உடனே பேசத் தெரியாது என்பது உனக்குப் புதிதல்ல. அலுவலகத்தில்கூட யாராவது எதிரில் வந்து நின்று ஒன்றைக் கேட்டால், மெயிலில் அனுப்புகிறேன் என்று சொல்லி நழுவிவிடுவேன். நான் பிறந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கினால் பெண்ணுக்குப் பேச்சு வந்துவிடும் என்று என் அப்பா நம்பினார். எழுத்துதான் வந்தது. ஆகவே எழுதுகிறேன். ஷெரினுக்கும் படித்துக் காட்டு. அவளுக்குத் தெரியக் கூடாதது இதில் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் உன்னைவிட அவளுக்குத்தான் இது அதிகம் தேவைப்படும்.

நீ கேட்டவை இரண்டு. ஜனவரியில் உன் கல்யாணத்துக்கு அப்பா வயநாட்டுக்கு வருவாரா, மாட்டாரா? வந்தால், ஷெரின் வீட்டு முற்றத்தில் நம் கேரவன் வண்டியை நிறுத்தி அதற்குள் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், விருந்துக்கு வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? இரண்டாவதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நீ தொண்டையைக் கனைத்துக்கொண்டாய். அது எனக்குக் கேட்டது. முதல் கேள்விக்குச் செவ்வாய்க்கிழமைவரை எனக்கே பதில் தெரியாது. அந்தப் பதில் கேரவனின் தரையில் கிடந்தது. அதை அங்கிருந்து எடுக்க எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுதும் ஆயிற்று.

ஷெரினுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன். அப்பா கோயில் மடப்பள்ளியில் சமைத்தவர். தான் சமைத்ததையோ, நம் வீட்டில் சமைத்ததையோ தவிர வேறு எதையும் சாப்பிடமாட்டார். ஹோட்டல் இல்லை, கல்யாணப் பந்தி இல்லை, வெளியே ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை. தோலோடு இருக்கிற வாழைப்பழம், வெட்டிய இளநீர், இவை மட்டும் விதிவிலக்கு. தயிர்சாதம் கெடாத தூரம்தான் அவருடைய உலகம். காலையில் பிசைந்தது சாயங்காலம்வரை தாங்கும். புளியோதரையாக இருந்தால் மறுநாள்வரை. அதற்கு அப்பால் இருக்கிற ஊர்களைப் பற்றி அவர் பேப்பரில் படிப்பார். நீ கோழிக்கோட்டில் படித்த காலம் முழுவதும் அவர் உன் ஹாஸ்டலைப் பார்த்ததில்லை. பட்டமளிப்பு விழாவுக்கு நான் மட்டும் வந்தேன். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் அங்கி மாட்டிய மகன்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நீ என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்துச் சிரித்தாய். அந்தப் படம் இப்போதும் என் மேசையில் இருக்கிறது.

அப்பா இதை ஆசாரம் என்பார். நீ ஒரு சண்டையில் இதைச் சாதி என்றாய். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டபடி நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. அவர் ஒருவரைத் தாழ்த்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதும் இல்லை. ஒரே மனுஷரிடம் இரண்டும் இருக்கலாம் என்பதற்கு மேல் எனக்கு விளக்கம் தெரியாது.

போன வருஷம் நீதான் ஒரு வீடியோ அனுப்பினாய். சின்ன வேன் ஒன்று. உள்ளே படுக்கை, அடுப்பு, தொட்டி, குழாய், குட்டி ஃபிரிட்ஜ். "அப்பாவுக்கு ஏத்த வண்டி" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை ஒன்றும் போட்டிருந்தாய். நீ விளையாட்டுக்குச் சொன்னாய். நான் அதைப் பலமுறை பார்த்தேன். என் அலுவலகம் இருக்கிற கழக்கூட்டத்தைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இந்த மாதிரி வண்டிகளைக் கட்டிக் கொடுக்கிற பட்டறை ஒன்று இருப்பதாக அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டறையை நடத்துகிற சஜி ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டிக்கொண்டே வந்து, கடைசியில் அடுப்புக்கு எதிரே இருந்த குறுகலான கதவைத் திறந்தார். அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"இதென்னாக்கும் ஏற்பாடு? அடுப்பும் கக்கூஸும் ஒரே பொட்டிக்குள்ளயா?"

"ஸ்வாமீ, எல்லா கேரவனும் இங்ஙனே தன்னே," என்றார் சஜி, எல்லாமே இப்படித்தான் என்று.

அப்பா அந்தக் கதவை ஒருமுறை மூடித் திறந்தார். நான் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். "உபயோகிக்கற வரைக்கும் அது கக்கூஸ் இல்லே. வெறும் ரூம்," என்றார். அப்படியே ஆயிற்று. புது வண்டியின் கழிப்பறையில் அரிசி டின்னும் பருப்பு டின்னும் ஏறின. அந்தத் தேவைக்கு நாங்கள் பெட்ரோல் பங்க்குகளை நம்பினோம். வண்டியை ஓட்டுவது நான். அப்பாவுக்குச் சைக்கிள்கூட ஓட்ட வராது. எனக்கு நாலு பேர் நடுவில் பேசுவதுதான் கஷ்டம், பைபாஸில் லாரிக்குப் பக்கத்தில் வண்டி ஓட்டுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

முதல் பயணம் மே மாதத்தில், வித்துரா வரைக்கும். பொன்முடிக்குப் போகிற சாலையில் ஒரு மரத்தடியில் நிறுத்தினோம். அப்பா அரைத்துவிட்ட சாம்பார் வைப்பது என்று தீர்மானித்து மிக்ஸியைக் கொண்டுவந்திருந்தார். மிக்ஸி ஒரு சுற்று சுற்றியது. பிறகு அது நின்றது, விளக்கு நின்றது, மின்விசிறி நின்றது, தண்ணீரை மேலே தள்ளுகிற பம்பும் நின்றது. உள்ளே இருக்கிற பேட்டரி மிக்ஸியைத் தாங்காது என்று சஜி போனில் சொன்னார். அடுத்த பயணத்துக்கு அப்பா அம்மிக்கல்லை ஏற்றினார். பொன்முடி வளைவு ஒன்றில் அம்மி நகர்ந்துபோய், அரிசி டின் இருந்த ரூமின் கதவை உடைத்தது. சஜி அந்தக் கதவை மாற்றும்போது என்னிடம் மெதுவாக, "சேச்சி, வண்டிக்குள்ளே கல்லு எந்தினா?" என்று கேட்டார். சாம்பாருக்கு என்று ஒரு வழியாகச் சொன்னேன்.

இதெல்லாம் சின்ன விஷயங்கள். ஜூனில் மழை பிடித்ததும் தரை நனைய ஆரம்பித்தது. அடுப்புக்குக் கீழே, தரையோடு ஒட்டிய பிளாஸ்டிக் விரிப்பின் ஓரத்தில் முதலில் கறுப்பாக ஒரு கோடு. பிறகு அதை மிதித்தால் தண்ணீர் கசிந்தது. பிறகு அடியில் இருந்த பிளைவுட், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. "மழையல்லே சேச்சி," என்று மழையின் மேல் பழியைப் போட்டு சஜி கூரையில் இருக்கிற காற்றுத் திறப்பைச் சுற்றிப் பசை வைத்து அடைத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தோம், தரை நனைந்தது. அடுத்த தடவை ஜன்னல் ரப்பர்களை மாற்றினார். நனைந்தது. அதற்கும் அடுத்த தடவை குழாய் இணைப்புகளை எல்லாம் கழற்றி மாட்டினார். வண்டி வீட்டு வாசலில் நின்ற நாளைவிடப் பட்டறையில் நின்ற நாள் அதிகமாயிற்று. எதிர்வீட்டு மாமா எங்கள் திண்டாட்டத்தைப் பார்த்து, "ஏம்மா, வண்டிக்கு மழைக்காலம் வந்தா தும்மலும் வருமோ?" என்று கேட்டார்.

நீ ஷெரினைப் பற்றி எங்களிடம் சொன்னது அந்த ஓணத்துக்கு. அப்பா பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்குவதை நிறுத்தாமல், "உனக்குப் பிடிச்சா செரி. யாரானா என்ன. என்னைச் சாப்பிடு சாப்பிடுன்னு யாரும் சொல்லப்படாது, அவ்வளவுதான்," என்றார். கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டாய். "வண்டி செரியானா வரேன்," என்றார். நீ அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாக ஊருக்குத் திரும்பினாய். கூடவே இருக்கிற எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வரும் நாட்களில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாட்டு முணுமுணுத்தபடி வருவார். வண்டி திரும்பி வந்து, விரிப்பின் ஓரம் காய்ந்திருக்கிற ஓரிரு நாட்களில்தான் சரியாகத் தூங்கமாட்டார். வேண்டுமென்றே எதையாவது கெடுக்கிறாரோ என்றுகூட ஒருமுறை நினைத்தேன். இல்லை. அவர் வண்டிக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. மாறாக, பழக வேண்டும் என்று சொல்லி, வாசலில் நிற்கும்போதும் தினம் ஒருவேளைச் சமையலை அதற்குள்ளேயே செய்தார்.

டிசம்பர் ஆரம்பத்தில் மழை விட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது, ஒரு வாரத்துக்கு மேல் சொட்டுத் தண்ணீர் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு நாள் காலையில் நான் அலுவலகம் கிளம்புவதற்கு முன்னால் வண்டிக்குப் போனேன். அப்பா படியில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடியக்காலம் மழை பேஞ்சுதோ?"

"இல்லையே."

"பின்னே இந்த ஈரம்?" என்று உள்ளே காட்டினார். விரிப்பின் ஓரத்தில் தண்ணீர் மினுங்கியது.

நானும் வானத்தைப் பார்த்தேன். அப்போதுதான் என் கை வலித்தது. கையில் வாளி இருந்தது. நிறையத் தண்ணீர். சமையல் முடிந்த தரையை அலம்புவதற்காக, எப்போதும்போல, கிணற்றிலிருந்து இறைத்துக் கொண்டுவந்திருந்தேன்.

உனக்குத் தெரியும், நம் வீட்டில் சமைப்பதற்கு முன்னால் அடுக்களைத் தரையை அலம்பவேண்டும். சமைத்துச் சாப்பிட்டபின் மறுபடியும் அலம்பவேண்டும். ஸ்ரீவராகத்தில் நம் தெரு முழுவதும் அப்படித்தான். முன்னால் அலம்புவது அப்பா, பின்னால் அலம்புவது நான். ஆளுக்கு ஒரு வாளி கொட்டி, தேங்காய்நார்த் துடைப்பத்தால் தேய்த்து, வாசற்படி வழியாகத் தள்ளிவிடுவோம். வண்டி வந்த நாளிலிருந்து அதற்குள்ளும் அதையே செய்தோம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்? எதையும் கூர்ந்து பார்ப்பவள் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். ஒரு ரசீதில் புள்ளி இடம் மாறியிருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். ஒரு மழைக்காலம் முழுக்க நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாம கொட்டற தண்ணிதான்," என்றேன்.

"எந்தத் தண்ணி?"

"இதோ, இந்தத் தண்ணி."

அவர் வாளியைப் பார்த்தார். "அலம்பற தண்ணியா? அலம்பற தண்ணி எப்படி ஒழுகும்?"

அவர் அதை உண்மையாகவே கேட்டார். மழைத் தண்ணீர்தான் ஒழுகும், அலம்புகிற தண்ணீர் சுத்தம் செய்யும். அவர் கணக்கில் இரண்டும் வேறுவேறு தண்ணீர். சஜிக்குப் போன் செய்தேன். அவர் சிரித்த சிரிப்பு அப்பாவுக்கும் கேட்டிருக்கும். "சேச்சி, அது வீடல்ல, வண்டியா! துணி நனைச்சுத் துடைச்சா மதி," என்றார், ஈரத்துணியால் துடைத்தாலே போதும் என்று. நான் போனைக் கீழே வைத்ததும் அப்பா, "தொடச்சா சுத்தமாகாது. அழுக்கு இங்கேந்து அங்கே போகும், அவ்வளவுதான். அலம்பாத எடத்துல நான் அடுப்பு மூட்டமாட்டேன்," என்றார். பிறகு வேஷ்டியை உதறிக் கட்டிக்கொண்டே, காய்கறிக்காரரிடம் கீரை வேண்டாம் என்று சொல்கிற குரலில், "செரி. வண்டி நமக்கு ஆகாது. வித்துடலாம். கல்யாணத்துக்கு நீ போயிட்டு வா," என்று முடித்துவிட்டார்.

நான் அப்படியே அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டேன். அலுவலகத்தில் கணக்கு எதுவும் ஓடவில்லை. நம் வீட்டுத் தரையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை தலைமுறையாகத் தண்ணீர் கொட்டியும் அந்த வீடு உப்பவில்லை. ஏனென்றால் அடுக்களைத் தரை ஒரு மூலையைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது, அந்த மூலையில் ஒரு துளை இருக்கிறது. வண்டிக்குக் குறைவது அந்தத் துளை ஒன்றுதான். பேசினால் குழறும் என்பதால் சஜிக்கு எழுதி அனுப்பினேன். அடுப்பிலிருந்து கதவுவரை எவர்சில்வர் தகடு, தாம்பாளம் மாதிரி ஓரம் மடித்து, ஒரு மூலைக்குச் சரிவாக, மூலையில் ஒரு துளையும் கீழே ஒரு குழாயும். அவர் உடனே கூப்பிட்டார்.

"சேச்சி, எல்லாரும் இவிடே ஓட்டை அடைக்கான் வரும். நிங்ஙள் ஓட்டை இடான் வருந்நோ? அதும் புது வண்டியில்?"

"ஆமா. ஓட்டை இடணும்."

"வாரண்டி போகும்."

"போகட்டும்," என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்ததா என்று பக்கத்து நாற்காலிப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

நீ இதைப் படித்துவிட்டு, இத்தனை வருஷத்தில் அம்மா அப்பாவிடம் ஒரு தடவை நேராகக் கேட்டிருக்கலாமே, தரையை ஏன் உடைத்தாள் என்று நினைப்பாய். கேட்டிருக்கலாம். ஒரு மனுஷரை மாற்றுவதைவிட ஒரு தரையை மாற்றுவது சுலபம். அதுதான் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. உனக்கும் ஷெரினுக்கும் இடையில் ஏதாவது இப்படி நனைந்துகொண்டே இருந்தால், முதலில் உங்கள் இருவர் கையிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கூரையை அடைக்க அப்புறம் ஆள் கூப்பிடலாம்.

தகடு போட்டு வண்டி வந்தது. அப்பா ஒரு வாளி கொட்டினார். தண்ணீர் தகட்டில் பரவி, கொஞ்சம் தயங்கி, மூலைக்குப் போய்ச் சுழன்று இறங்கியது. அவர் வெளியே வந்து, தெருவில் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். "போறது," என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சோதித்துப் பார்க்க மறுபடி வித்துராவுக்குக் கிளம்பினோம்.

அங்கே அடுத்த முடிச்சு. தொட்டித் தண்ணீர் ஒரு சின்னக் குடும்பத்துக்கு இரண்டு நாள் போதும் என்று சஜி சொல்லியிருந்தார். அந்தக் குடும்பம் தரையை அலம்பாத குடும்பம். அப்பா சமைப்பதற்கு முன் அலம்பினார், அரிசி களைய ஆரம்பித்தார், குழாய் கொர்ரென்று இருமி நின்றது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையோரம் நிறுத்தியிருந்தோம். கடை நடத்துகிற பெண் நல்ல வாய்க்காரி. வந்ததிலிருந்து எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குத் தண்ணீர் தீர்ந்ததைப் பார்த்து, ஒரு பச்சை ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஸ்வாமீ, வெள்ளம் தீர்ந்நோ? தா, ஹோஸ் உண்டு."

"வேண்டா மோளே."

"கிணத்து வெள்ளமா ஸ்வாமீ, நல்ல வெள்ளம்."

"வேண்டா."

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஸ்வாமிக்கு வெள்ளத்திலும் ஜாதியோ?"

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரித்ததாகத் தெரியவில்லை. அப்பா உள்ளே திரும்பினார். களைந்தும் களையாமலும் இருந்த அரிசியை மூடி வைத்தார். வாழைப்பழம் இரண்டு உரித்துச் சாப்பிட்டுவிட்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் நீட்டிய குழாயிலிருந்து தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெடுமங்காடு தாண்டியபின் ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: "தண்ணி தெளிவாத்தான் இருந்துது."

நானும் அவரும் மனதுக்குள் ஒரே கணக்கைப் போட்டிருப்போம். வயநாட்டுக்குப் போகும் வழியில் திருச்சூரில், நம்மைப் போலவே ஆசாரம் பார்க்கிற அவருடைய அத்தை பிள்ளை வீட்டில் தங்கி, அங்கே தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம். அதோடு ஷெரின் வீட்டு முற்றம்வரை போய்ச் சேரலாம். அதற்குப் பிறகு கல்யாணம் முடிகிறவரை தண்ணீர்? அலம்பாவிட்டால் தொட்டி தாங்கும், ஆனால் அலம்பாமல் அவர் சமைக்கமாட்டார். அலம்பினால் அரைநாளில் தீரும், ஆனால் வெளித்தண்ணீர் வாங்கமாட்டார். தரைக்குத் துளை போட்டேன். இதற்கு எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போன் செய்தபோது நாங்கள் இந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து வரும்போது அப்பா வண்டிக்குள் உட்கார்ந்து அலமாரிக் கதவின் திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலேயே பேசினார்.

"அவாத்துல கெணறு உண்டோ?"

"யாராத்துல?"

"வயநாட்டுல."

"உண்டு. கோடையிலயும் வத்தாதுன்னு ஷெரின் ஒருதரம் சொன்னா."

"மோட்டாரா, கப்பியா?"

"தெரியலையே."

"கேட்டு வை. கயிறும் வாளியும் நான் எடுத்துக்கறேன்."

நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அவா கெணத்துத் தண்ணியா?" என்று கேட்டுவிட்டேன்.

"தண்ணி பூமியோடதாக்கும். தோண்டினதுதான் அவா."

"பின்னே வித்துராவுல?"

திருகாணியை இன்னொரு சுற்று முடுக்கினார். "அது ஹோஸ்," என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கே அந்த வித்தியாசம் நிற்காது என்று தெரியும். நிற்காத ஒன்றின் மேல் ஒருவர் காலை வைத்து நம் பக்கம் வந்துகொண்டிருக்கும்போது, அதை ஆட்டிப் பார்க்கக் கூடாது.

ஆக, உன் முதல் கேள்விக்குப் பதில்: வருவார். இரண்டாவதற்கும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை, டாக்டர் பத்தியம் சொல்லியிருக்கிறார் என்று அவர்களிடம் சொல்லப்போவதாகச் சொன்னாய். அப்படிச் சொல்லாதே. அவருக்கு ஒரு வியாதியும் இல்லை. ஷெரினின் அப்பாவிடம் உள்ளதை உள்ளபடி முன்னாலேயே சொல்லிவிடு. அவர் வருத்தப்பட்டால், வருத்தப்பட அவருக்கு உரிமை உண்டு. கோபப்பட்டாலும் உண்டு. அதைச் சமாதானம் செய்யப் பார்க்காதே, கேட்டுக்கொள். ஷெரினுக்கு ஒரு வார்த்தை: புதுப் பாத்திரம் வாங்கி, குளித்துவிட்டுச் சமைத்து, இதையாவது சாப்பிடுங்கள் அப்பா என்று நீ ஒரு நாளும் அவர் முன்னால் நிற்க வேண்டாம். உன் வீட்டில் அவர் சாப்பிடமாட்டார். இன்னும் பத்து வருஷம் கழித்தும் மாட்டார் என்றே நினைக்கிறேன். அது உன்னைப் பற்றிய தீர்ப்பு ஆகாது என்று நான் எழுதலாம், ஆனால் உனக்கு அது அப்படித்தான் வலிக்கும். வலிப்பதை மறைத்துக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

நான் விருந்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். கழக்கூட்டத்தில் இத்தனை வருஷமாக அலுவலகக் கேன்டீனில் மத்தியானம் சாப்பிடுகிறேன். அது அப்பாவுக்குத் தெரியும். அவர் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. அங்கே அவர் பார்க்கச் சாப்பிடப்போகிறேன். நேற்று அதை அவரிடம் சொல்லியும்விட்டேன். அவர், "அங்கே மீனும் எறைச்சியும் இருக்குமாக்கும்," என்றார். "சாதமும் இருக்கும்," என்றேன். அவர் பயணத்துக்கு எடுத்து வைத்த டம்ளர்களில் ஒன்றை எடுத்துத் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்று பார்த்து வை. அலம்புகிற தண்ணீர் எல்லாம் அடியில் இருக்கிற குழாய் வழியாக நேராகக் கீழே விழும். இது காப்பி பறிக்கிற சமயம். காப்பி உலர்த்துகிற களத்துப் பக்கம் வேண்டாம், வாழை இருந்தால் அதன் ஓரமாக இருக்கட்டும். கிணற்றுக்கு ரொம்பத் தள்ளியும் வேண்டாம், அப்பாவுக்கு முன்போல வாளி தூக்கி நடக்க முடிவதில்லை. இப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்துவிட்டுக் கிணற்றின் மேல் இரும்பு வலை போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். அங்கேயும் அப்படி இருந்தால், நாங்கள் வருகிற அன்று மட்டும் அந்த வலையைத் திறந்து வைக்கமுடியுமா என்று ஷெரினின் அப்பாவிடம் கேள். காரணத்தையும் சொல். கப்பி இல்லாவிட்டால் ஒன்று மாட்டி வை. அப்பா கயிற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகும்போது உதவிக்கு என்று யாரும் கூடப் போகவேண்டாம், போனில் படம் எடுக்கவும் வேண்டாம். எல்லாரும் அவரவர் கல்யாண வேலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். அவர் வாளியை இறக்கட்டும்.

அம்மா